சிஏஜி யாருக்குக் கட்டுப்பட்டவர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாடாளுமன்றத்தில் ஒரு சிஏஜி அறிக்கை வைக்கப்பட்டால் இரண்டு நாள் டிவியில் அதே பேச்சாக இருக்கும். எதிர்க்கட்சி ‘ஊழல்’ என்னும், ஆளுங்கட்சி ‘கற்பனைக் கணக்கு’ என்னும். மூன்றாம் நாள் எல்லாரும் வேறு செய்திக்குப் போய்விடுவார்கள். ஓர் அரசு அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் சில வருடம் குப்பை கொட்டியவன் என்பதால் உறவினர்களும் நண்பர்களும் இது பற்றி என்னிடம் கேட்பதுண்டு. அப்படி வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்தான் இவை.

சிஏஜி என்றால் யார்? தமிழில் என்ன சொல்வது?

‘கம்ப்ட்ரோலர் அண்ட் ஆடிட்டர் ஜெனரல்’ என்பதன் சுருக்கம். இந்திய அரசும் மாநில அரசுகளும் செலவழிக்கிற, வசூலிக்கிற பணத்தைத் தணிக்கை செய்யும் அரசியலமைப்புப் பதவி. அரசியலமைப்பின் 148 முதல் 151 வரையிலான நான்கு பிரிவுகள் இவரைப் பற்றியவை. தமிழில் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், தணிக்கைத் துறைத் தலைவர் என்று பத்திரிகைக்கு ஒரு பெயர் எழுதுகிறார்கள். சிஏஜி என்றால்தான் எல்லாருக்கும் புரிகிறது என்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன். இலங்கையில் தமிழும் ஆட்சிமொழி, அதனால் அங்கே ஒரே பெயர் நிலைத்துவிட்டது: கணக்காய்வாளர் தலைமை அதிபதி. கொஞ்சம் நீளம்தான், ஆனால் குழப்பம் இல்லை.

இப்போது பதவியில் இருப்பவர் கே. சஞ்சய் மூர்த்தி. 2024 நவம்பரில் பொறுப்பேற்றார்.

சென்னை தேனாம்பேட்டையில் இருக்கும் ஏஜி ஆபீஸும் சிஏஜியும் ஒன்றா?

ஒரே துறைதான். ‘ஏஜி ஆபீஸில் இருந்து பென்ஷன் ஆர்டர் இன்னும் வரவில்லை’ என்று ஓய்வுபெற்ற தமிழ்நாடு அரசு ஊழியர் புலம்பினால், அவர் சொல்வது சிஏஜியின் கீழ் இயங்கும் மாநிலக் கணக்காயர் (அக்கவுண்டன்ட் ஜெனரல், சுருக்கமாக ஏஜி) அலுவலகத்தை. சிஏஜிக்கு மாநிலங்களில் இரண்டு வேலை. ஒன்று, மாநில அரசின் கணக்கைத் தொகுத்து எழுதுவது, அதோடு பென்ஷன், பிஎஃப் வகையறாக்களைப் பார்ப்பது. இன்னொன்று தணிக்கை. இரண்டுக்கும் தனித்தனி அலுவலகங்கள் உண்டு.

எழுதுகிறவரே சரிபார்க்கவும் செய்வதா என்று யாருக்கும் தோன்றும். மத்திய அரசில் அதைப் பிரித்துவிட்டார்கள். 1976-இல் கணக்கு எழுதும் வேலை அமைச்சகங்களுக்கே போனது, சிஏஜியிடம் தணிக்கை மட்டும் நின்றது. மாநிலங்களில் பழைய ஏற்பாடே தொடர்கிறது.

‘கம்ப்ட்ரோலர்’ என்றும் பெயரில் இருக்கிறதே, எதைக் கட்டுப்படுத்துகிறார்?

எதையும் இல்லை. அந்தச் சொல் பிரிட்டனில் இருந்து வந்தது. அங்கே கஜானாவிலிருந்து பணம் வெளியே போகும் முன் இந்தப் பதவியில் இருப்பவரின் ஒப்புதல் வேண்டும், அது நிஜமான கட்டுப்பாடு. இங்கே அரசு பணத்தை எடுத்துச் செலவழித்த பிறகுதான் சிஏஜியின் ஆட்கள் வந்து பார்க்கிறார்கள். பெயரின் முன்பாதி வெறும் அலங்காரம்.

இது எப்போது உருவான பதவி?

ஆங்கிலேயர் காலத்தில். 1860 நவம்பரில் எட்மண்ட் டிரம்மண்ட் முதல் ஆடிட்டர் ஜெனரலாகப் பொறுப்பேற்றார். நவம்பர் 16-ஐ இப்போது ‘தணிக்கை தினம்’ என்று கொண்டாடுகிறார்கள், அது 2021-இல் தொடங்கிய வழக்கம். சுதந்திர இந்தியாவின் முதல் சிஏஜி வி. நரஹரி ராவ்.

இடைப்பட்ட வரலாறு பெரிய சுவாரசியம் இல்லை. 1949 மே மாதம் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் பேசியது மட்டும் தெரிந்துகொள்ள வேண்டியது. அரசியலமைப்பிலேயே மிக முக்கியமான அதிகாரி ஒருவேளை இவராகத்தான் இருப்பார், இவருடைய கடமை நீதித்துறையின் கடமையைவிடவும் முக்கியமானது என்றார் அவர். இதைத்தான் எல்லா விழாவிலும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதே பேச்சில் அவர் சொன்ன குறையை யாரும் சொல்வதில்லை. நீதித்துறைக்குக் கொடுத்த அளவு சுதந்திரத்தை இவருக்கு நாம் கொடுக்கவில்லையே, தன் ஊழியர்களைத் தானே நியமித்துக்கொள்ளும் அதிகாரம்கூட இவருக்கு இல்லையே என்று அன்றைக்கே வருத்தப்பட்டிருக்கிறார்.

சுதந்திரமான அமைப்பு என்கிறார்களே, எதை வைத்து?

எழுத்தில் பாதுகாப்பு கெட்டியாகவே இருக்கிறது. குடியரசுத் தலைவர் கையெழுத்தும் முத்திரையும் இட்ட ஆணையால் நியமிக்கப்படுகிறார். நினைத்தவுடன் நீக்க முடியாது. உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்குவதற்கு உள்ள அதே வழிதான்: நிரூபிக்கப்பட்ட தவறான நடத்தை அல்லது திறனின்மை, நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் சிறப்புப் பெரும்பான்மை. இதுவரை யாரும் அப்படி நீக்கப்பட்டதில்லை. பதவிக்காலம் 6 ஆண்டு அல்லது 65 வயது, எது முன்னால் வருகிறதோ அது. சம்பளம் உச்ச நீதிமன்ற நீதிபதிக்கு உள்ளதே, நியமித்த பிறகு அதைக் குறைக்க முடியாது. அலுவலகச் செலவு இந்தியத் தொகுப்பு நிதியிலிருந்து நேரடியாகப் போகிறது. ‘போன அறிக்கையில் எங்களைக் கிழித்தீர்கள், இந்த வருடம் உங்கள் மானியத்தில் கை வைக்கிறோம்’ என்று நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு நடத்தி மிரட்ட முடியாது.

அதாவது, நாற்காலியில் உட்கார்ந்த பிறகு அவரை அசைப்பது கஷ்டம். ஆனால் அந்த நாற்காலிக்கு யார் வருகிறார் என்பதும், அவர் எழுதும் அறிக்கை எப்போது வெளியே வருகிறது என்பதும் அரசின் கையில்தான் இருக்கின்றன. என் பார்வையில் சிஏஜியைப் பற்றிய சண்டைகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டு இடத்திலிருந்து கிளம்புபவை.

சரி, அவரைத் தேர்ந்தெடுப்பது யார்?

நடைமுறையில் பிரதமரும் அவருடைய அரசும். ஆணை குடியரசுத் தலைவர் பெயரில் வரும், பெயர் அரசிடமிருந்து போகும். இதற்கென்று தேர்வுக் குழு கிடையாது. எதிர்க்கட்சித் தலைவரைக் கேட்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. என்ன தகுதி வேண்டும் என்றுகூட அரசியலமைப்பு சொல்லவில்லை. சிபிஐ இயக்குநரைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் எதிர்க்கட்சித் தலைவர் இருக்கிறார், தலைமை நீதிபதியோ அவர் அனுப்பும் நீதிபதியோ இருக்கிறார். அரசின் மொத்தக் கணக்கையும் பார்க்கப்போகிறவருக்கு அது இல்லை.

இதனால் வரும் சங்கடம் எளிமையானது. 2008-க்குப் பிறகு வந்த ஐந்து பேரும் (வினோத் ராய், சசி காந்த் சர்மா, ராஜீவ் மெஹ்ரிஷி, ஜி.சி. முர்மு, சஞ்சய் மூர்த்தி) ஐஏஎஸ் அதிகாரிகள். தணிக்கைக்கென்றே யுபிஎஸ்சி தேர்வில் ஆள் எடுத்து, சிம்லாவில் பயிற்சி கொடுத்து, முப்பது வருடம் அதே வேலை பார்க்கவைக்கும் ஒரு தனிப் பணி நாட்டில் இருக்கிறது. உச்சிப் பதவிக்கு மட்டும் ஆள் வெளியிலிருந்து வருகிறார். வெளியிலிருந்து வருவதே தப்பு என்று சொல்லவில்லை. நேற்று வரை எந்த அமைச்சகத்தில் கையெழுத்துப் போட்டாரோ அதே அமைச்சகத்தின் கோப்புகள் நாளை அவர் மேசைக்குத் தணிக்கைக்கு வரும் என்பதுதான் பிரச்சினை.

சசி காந்த் சர்மா பாதுகாப்புத் துறைச் செயலாளராக இருந்து 2013-இல் நேராக சிஏஜி ஆனார். ராணுவக் கொள்முதல்களைத் தணிக்கை செய்ய வேண்டிய இடம் இது. முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் என். கோபாலசாமி உள்ளிட்டோர் அந்த நியமனத்தை எதிர்த்து நீதிமன்றம் போனார்கள், பலன் இல்லை. ராஜீவ் மெஹ்ரிஷி காலத்திலும் இதே கேள்வி எழுந்தது. ரஃபேல் போர் விமானங்களை வாங்கும் பேச்சுவார்த்தை நடந்த காலத்தில் அவர் நிதித்துறைச் செயலாளராக இருந்தவர், எனவே ரஃபேல் தணிக்கையிலிருந்து விலக வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டது. அவர் விலகவில்லை. ஆளும் கட்சி மாறியிருந்தது, ஏற்பாடு அதேதான்.

தேர்வுக் குழு வேண்டும் என்று கேட்கும் பொதுநல வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் மத்திய அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது.

மற்ற நாடுகளில் எப்படி?

பிரிட்டனில் பிரதமர் பெயரை முன்மொழிய, எதிர்க்கட்சிக்காரர் தலைமை வகிக்கும் பொதுக் கணக்குக் குழுவின் (தணிக்கை அறிக்கைகளை ஆராயும் எம்பிக்கள் குழு) தலைவர் அதற்குச் சம்மதிக்க வேண்டும். பதவிக்காலம் 10 ஆண்டு, ஒரே ஒரு முறைதான். அமெரிக்காவில் 15 ஆண்டு. நாடாளுமன்றத்தின் இரு கட்சித் தலைவர்களும் இருக்கும் குழு பெயர்களைப் பரிந்துரைக்கும், அதிபர் நியமிப்பார், செனட் ஒப்புதல் தர வேண்டும். இலங்கையில் ஜனாதிபதி நியமிக்கிறார், ஆனால் அரசியலமைப்புப் பேரவையின் ஒப்புதல் வேண்டும். நம் ஏற்பாட்டில்தான் இடையில் யாருமே இல்லை.

ஓய்வுக்குப் பிறகு அரசுப் பதவி வாங்கக் கூடாது என்று விதி இருக்கிறதாமே?

இருக்கிறது, பிரிவு 148(4). மத்திய, மாநில அரசுகளின் கீழ் வேறு பதவி எதையும் ஏற்கக் கூடாது. நல்ல விதி. ‘பதவி’ என்றால் எது என்பதில்தான் ஓட்டை.

டி.என். சதுர்வேதி கதையைப் பாருங்கள். போஃபர்ஸ் பீரங்கி பேரம் பற்றி அவருடைய அறிக்கை 1989-இல் வந்தபோது மக்களவையின் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் கூட்டமாக ராஜினாமா செய்தார்கள், ராஜீவ் காந்தி அரசு ஆடிப்போனது. ஓய்வுக்குப் பிறகு அவர் பாஜகவில் சேர்ந்து மாநிலங்களவைக்குப் போனார், 2002-இல் கர்நாடக ஆளுநரும் ஆனார். எம்பி என்பது அரசின் கீழ் உள்ள பதவி இல்லை. ஆளுநர் பதவியையும் அரசின் கீழ் உள்ள வேலையாகக் கருத முடியாது என்று உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் ஏற்கெனவே சொல்லியிருக்கிறது. ஆக, சட்டப்படி தப்பில்லை. போஃபர்ஸ் அறிக்கையை அன்று சந்தேகித்தவர்களுக்கு அவர் தன் கையாலேயே ஒரு சாட்சியைக் கொடுத்துவிட்டார் என்பது என் எண்ணம், அறிக்கை அப்பழுக்கில்லாததாக இருந்திருந்தாலும்கூட.

வினோத் ராயும் 2016-இல், பொதுத்துறை வங்கிகளின் உயர் பதவிகளுக்கு ஆள் பரிந்துரைக்கும் வங்கிகள் வாரியக் குழுமத்தின் தலைவரானபோது இதே கேள்வியைச் சந்தித்தார்.

தணிக்கை நடைமுறையில் எப்படி நடக்கிறது?

ஆடிட் பார்ட்டி வருகிறது என்று கடிதம் வந்தாலே அலுவலகத்தின் முகம் மாறிவிடும். நான் வேலை பார்த்த இடத்தில், மூன்று வருடமாகத் தொடாத பதிவேடுகளுக்கு அந்த வாரம்தான் அட்டை போடுவார்கள். மூன்று நான்கு பேர் வந்து ஒரு அறையில் உட்கார்வார்கள். கேஷ் புக், வவுச்சர், டெண்டர் கோப்பு என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். சந்தேகம் வந்தால் சின்னத் தாளில் எழுதி நீட்டுவார்கள். அதற்கு அன்றே பதில் கொடுத்துவிட்டால் பல விஷயங்கள் அங்கேயே முடிந்துவிடும்.

முடியாதவை ஆய்வறிக்கையில் பத்திகளாக ஏறும். அரசு அலுவலகத் தமிழில் இவைதான் ‘தணிக்கைத் தடை’, பேச்சில் ‘ஆடிட் பாரா’. ‘பாரா டிராப் ஆகிவிட்டதா?’ என்பது கணக்குப் பிரிவுக்காரர்கள் ஒருவரையொருவர் நலம் விசாரிக்கும் முறை. பெரிய விஷயமாக இருந்தால் அது வரைவுப் பத்தியாகத் துறைச் செயலாளருக்குப் போகும், பதில் சொல்ல அவகாசம் தரப்படும். பல நேரம் பதிலே வராது. அப்போது ‘அரசின் பதில் பெறப்படவில்லை’ என்ற வரியோடு அது இறுதி அறிக்கையில் அச்சாகும். அந்த ஒரு வரியை நான் எத்தனை அறிக்கைகளில் பார்த்திருக்கிறேன் என்று எண்ணவில்லை.

கணக்கைப் பார்ப்பதோடு நிற்காமல் திட்டம் சரியா தப்பா என்று ஏன் பேசுகிறார்?

தணிக்கையில் மூன்று வகை உண்டு. கணக்கு சரியா என்று பார்ப்பது, விதியைப் பின்பற்றினார்களா என்று பார்ப்பது, போட்ட பணத்துக்குப் பலன் கிடைத்ததா என்று பார்ப்பது. மூன்றாவதைச் செயல்பாட்டுத் தணிக்கை என்பார்கள். பள்ளிக்கூடம் கட்ட ஒரு கோடி ஒதுக்கி ஒரு கோடிக்கும் ரசீது இருந்தால் முதல் தணிக்கை ‘சரி’ என்று போய்விடும். கட்டடத்தில் பிள்ளைகள் யாராவது படிக்கிறார்களா என்று கேட்பது மூன்றாவது.

இந்த மூன்றாவதுக்கு அவருக்கு அதிகாரமே இல்லை என்று 2ஜி அலைக்கற்றை, நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீடுகள் பற்றிய அறிக்கைகளுக்குப் பிறகு உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்குப் போட்டார்கள். 2012 அக்டோபரில் நீதிபதி ஆர்.எம். லோதா அமர்வு அதை ஏற்க மறுத்தது. சிஏஜி ஒன்றும் முனீம்ஜி இல்லை என்று இந்தியில் ஒரு சொல்லைப் போட்டது நீதிமன்றம். வடக்கே மளிகைக் கடையிலும் வட்டிக்கடையிலும் முதலாளி சொல்வதை எழுதும் ஆள்தான் முனீம்ஜி. நம் ஊரில் அவருக்குப் பெயர் கணக்குப்பிள்ளை.

ஆனால் ஒன்று. கொள்கையை வகுப்பது அரசின் வேலை, அதை இவர் மாற்றச் சொல்ல முடியாது. கொள்கையை அமல்படுத்தியதில் பணம் எங்கே ஒழுகியது என்று சொல்லலாம். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள கோடு காகிதத்தில் தெரிகிற அளவுக்கு நடைமுறையில் தெளிவாகத் தெரியாது.

2ஜியில் 1.76 லட்சம் கோடி நஷ்டம் என்றாரே, அது உண்மையா பொய்யா?

தமிழ்நாட்டில் இதைக் கேட்காதவர் இல்லை. 2010 நவம்பர் முதல் 2011 தேர்தல் வரை டீக்கடைகளில் அந்த எண்ணுக்கு எத்தனை பூஜ்யம் என்று வாய்விட்டு எண்ணியிருக்கிறோம்.

நடந்தது இது. 2008 ஜனவரியில் ஆ. ராசா தொலைத்தொடர்பு அமைச்சராக இருந்தபோது செல்பேசிச் சேவை நடத்த, 2ஜி அலைக்கற்றையோடு 122 உரிமங்கள் வழங்கப்பட்டன. நாடு முழுமைக்குமான உரிமத்தின் விலை ரூ. 1,658 கோடி, 2001-இல் நிர்ணயித்த அதே விலை. ஏலம் கிடையாது, முதலில் வந்தவருக்கு முதலில். விண்ணப்பத்துக்கான கடைசி நாளையும் பின்னோக்கி நகர்த்தினார்கள். ஏலம் விட்டிருந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்று சிஏஜி பல வழிகளில் கணக்குப் போட்டது. நிறுவனங்கள் பங்குகளை விற்ற விலையை வைத்துப் பார்த்தால் சுமார் 58,000 கோடி, 70,000 கோடி. 2010-இல் நடந்த 3ஜி ஏல விலையை வைத்துப் பார்த்தால் ரூ. 1,76,645 கோடி. அறிக்கை சொன்னது ‘உத்தேச இழப்பு’, அதுவும் ஒரு எண் இல்லை, பல எண்கள். தலைப்புச் செய்திக்கு அவற்றில் பெரியது மட்டும் போனது.

‘நஷ்டம் பூஜ்யம்’ என்றார் அடுத்து வந்த அமைச்சர் கபில் சிபல். 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களையும் ரத்து செய்தது. அதே ஆண்டு நவம்பரில் நடந்த மறு ஏலத்தில் வந்தது ரூ. 9,407 கோடிதான், எதிர்பார்த்ததில் மூன்றில் ஒரு பங்கு. அந்தத் தணிக்கையை நடத்திய மூத்த அதிகாரியே, பெரிய எண்ணுக்குத் தான் உடன்படவில்லை என்று ஓய்வுக்குப் பிறகு பேசினார். 2017 டிசம்பர் 21-இல் டெல்லி சிபிஐ சிறப்பு நீதிமன்றம் ராசா, கனிமொழி உள்பட எல்லோரையும் விடுதலை செய்தது. சிபிஐயும் அமலாக்கத் துறையும் மேல்முறையீடு செய்தன.

இதில் என் கருத்து: ஒதுக்கிய முறை தப்பு என்பது கணக்குத் தணிக்கையின் முடிவு, உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. லஞ்சம் கைமாறியதா என்பது குற்றவியல் கேள்வி, அதை நிரூபிக்க சிபிஐயால் முடியவில்லை. 1.76 லட்சம் கோடி என்பது 2010-இன் விலையை 2008-க்குப் பொருத்திப் பார்த்த ஒரு கற்பனை. மூன்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டியதால், ராசாவைத் திட்டியவர்களும் தப்பாகத் திட்டினார்கள், விடுதலையைக் கொண்டாடியவர்களும் தப்பான காரணத்துக்குக் கொண்டாடினார்கள். பெரிய எண் போட்டால்தான் ஊர் திரும்பிப் பார்க்கும் என்ற ஆசை தணிக்கையாளருக்கு வந்தால் அடுத்த அறிக்கையின் மதிப்பும் சேர்ந்தே குறையும்.

அண்மையில் அப்படிப் பெரிதாக எதுவும் வந்ததா?

2023 ஆகஸ்டில் வந்த அறிக்கைகள். ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சுமார் 7.5 லட்சம் பயனாளிகள் 9999999999 என்ற ஒரே செல்பேசி எண்ணில் பதிவாகியிருந்தார்கள். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய நிபுணத்துவம் தேவையில்லை, யாராவது பார்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பயனாளியை உறுதிசெய்வதில் செல்பேசி எண்ணுக்கு வேலையே இல்லை என்பது அரசின் பதில்.

டெல்லியையும் குருகிராமையும் இணைக்கும் துவாரகா விரைவுச்சாலைக்கு கிலோமீட்டருக்கு ரூ. 18.20 கோடி என்று அமைச்சரவைக் குழு ஒப்புக்கொண்டிருந்தது, ஆனால் ரூ. 250.77 கோடிக்குப் போனது என்றது இன்னொரு அறிக்கை. 18.20 என்பது நாடு முழுக்கப் போடும் சாலைகளின் சராசரி, இது மேம்பாலமாகப் போகும் எட்டு வழிச்சாலை என்றது அமைச்சகம். அந்தப் பதிலில் நியாயம் இருக்கிறது. அப்படியென்றால் கூடுதல் செலவுக்குத் தனியாக ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டாமா என்ற கேள்வியிலும் நியாயம் இருக்கிறது.

சில வாரங்களில் இந்தத் தணிக்கைகளில் இருந்த அதிகாரிகள் இடமாற்றம் செய்யப்பட்டார்கள். வழக்கமான மாறுதல் என்றது சிஏஜி அலுவலகம், பழிவாங்கல் என்றது காங்கிரஸ்.

அறிக்கை எப்போது வெளியாகும்? அவரே வெளியிடுவாரா?

மாட்டார். மத்திய அரசைப் பற்றியது குடியரசுத் தலைவருக்கும், மாநிலத்தைப் பற்றியது ஆளுநருக்கும் போகும். அவர்கள் அதை அவையில் வைக்கச் செய்ய வேண்டும் என்கிறது பிரிவு 151. எத்தனை நாளுக்குள் என்று சொல்லவில்லை. அவையில் வைக்கும் வரை அது ரகசிய ஆவணம்.

2015 டிசம்பர் சென்னை வெள்ளம் நினைவிருக்கும். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கனஅடி நீர் திறந்ததைக் குறை சொல்லி, இது மனிதர்கள் வரவழைத்த பேரிடர் என்று எழுதிய சிஏஜி அறிக்கை சட்டமன்றத்துக்கு வந்தது 2018 ஜூலையில். இரண்டரை வருடம். அதற்குள் ஒரு சட்டமன்றத் தேர்தலே நடந்து முடிந்துவிட்டது. கோபம் ஆறிய பிறகு வரும் அறிக்கைக்கு யார் பதில் சொல்லப்போகிறார்கள்?

டெல்லியில் இன்னும் மோசம். ஆம் ஆத்மி ஆட்சியில் 14 அறிக்கைகள் அவையில் வைக்கப்படாமல் கிடந்தன. தாமதத்தை 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது, ஆனாலும் சிறப்புக் கூட்டத்தைக் கூட்டச் சொல்லி உத்தரவிடவில்லை. பிப்ரவரியில் ஆட்சி மாறியது. அந்த மாதமே முதல் அறிக்கை வந்தது, மதுக் கொள்கையால் சுமார் ரூ. 2,000 கோடி இழப்பு என்று. முன்பு மறைத்ததும் அரசியல், பிறகு அவசரமாக எடுத்ததும் அரசியல். ‘அறிக்கை கிடைத்த ஒரு வாரத்தில் அல்லது அடுத்த கூட்டத்தொடரின் முதல் நாளில் வைக்க வேண்டும்’ என்று சட்டத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும். எந்தக் கட்சியும் ஆட்சியில் இருக்கும்போது அந்த வரியைக் கேட்பதில்லை.

அவையில் வைத்த பிறகு?

பொதுக் கணக்குக் குழுவுக்குப் போகும். நாடாளுமன்றக் குழுவில் 22 பேர், மக்களவையிலிருந்து 15, மாநிலங்களவையிலிருந்து 7. தலைவர் எதிர்க்கட்சிக்காரராக இருப்பது 1967-இல் மினூ மசானியில் தொடங்கிய மரபு. இது விதி இல்லை. தமிழ்நாட்டில் 2021-க்குப் பிறகு குழுத் தலைவராக இருந்தவர் அப்போது ஆளும் கூட்டணியில் இருந்த காங்கிரஸின் கு. செல்வப்பெருந்தகை. எதிர்க்கட்சி என்ற சொல்லை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

குழு செயலாளர்களைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்கும். எல்லாப் பத்திகளையும் எடுக்க நேரம் கிடையாது, சிலவற்றைத்தான் எடுக்கும். ரஃபேல் வழக்கில் இந்தக் குழுவை வைத்து ஒரு வேடிக்கை நடந்தது. சிஏஜி அறிக்கையைப் பொதுக் கணக்குக் குழு பரிசீலித்துவிட்டது என்று உச்ச நீதிமன்றத்தின் 2018 டிசம்பர் தீர்ப்பில் ஒரு வரி இருந்தது. அப்போது அறிக்கையே வெளிவரவில்லை, 2019 பிப்ரவரியில்தான் வந்தது. குழுத் தலைவர் கார்கேவுக்கே அது புதுச் செய்தி. மத்திய அரசு திருத்தம் கேட்டு மனு போட வேண்டியதாயிற்று.

தப்பு செய்தவரை சிஏஜி தண்டிக்க முடியுமா?

முடியாது. பணத்தைத் திரும்பக் கட்டச் சொல்லவும் முடியாது. கோப்பைக் கொடுக்காமல் இழுத்தடிக்கும் அதிகாரிக்கு அபராதம் போடும் அதிகாரம்கூட இல்லை. சிஏஜியின் கடமைகளையும் அதிகாரங்களையும் வகுக்கும் 1971-ஆம் ஆண்டுச் சட்டம் எந்தப் பதிவேட்டையும் கேட்கும் உரிமையைத் தருகிறது, கொடுக்காவிட்டால் என்ன என்பதைச் சொல்லவில்லை. இலங்கையில் 2018-ஆம் ஆண்டின் தேசிய கணக்காய்வுச் சட்டம், நட்டத்தை உரிய அதிகாரியிடமே வசூலிக்க வழி செய்திருக்கிறது. எவ்வளவு தூரம் அமலாகிறது என்பது வேறு விஷயம்.

எதெல்லாம் அவர் கைக்கு எட்டாது?

பிஎம் கேர்ஸ் நிதி எட்டாது. கொரோனா நிவாரணத்துக்காக 2020 மார்ச்சில் தொடங்கிய இந்த நிதி பொது அறக்கட்டளை, அரசுப் பணம் இல்லை என்பது அரசின் வாதம், தனியார் ஆடிட்டர்தான் பார்க்கிறார். பிரதமர் தலைவர், மூன்று அமைச்சர்கள் அறங்காவலர்கள், பொதுத்துறை நிறுவனங்கள் நன்கொடை கொடுத்தன. அப்படிப்பட்ட நிதியை சிஏஜி பார்த்தால் என்ன குறைந்துவிடும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

உளவுத் துறையின் ரகசியச் செலவுக்கு அதிகாரியின் சான்று இருந்தால் ஏற்றுக்கொள்ள வேண்டும். உள்ளாட்சி அமைப்புகளின் கணக்கைப் பார்ப்பது தமிழ்நாட்டின் உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை, சிஏஜி அதற்கு வழிகாட்டுவதோடு சரி. நூறு நாள் வேலைக்குச் சமூகத் தணிக்கை தனியாக உண்டு.

தனியார் நிறுவனம் என்றால் முடியவே முடியாதா? அரசோடு வருமானத்தைப் பங்குபோடும் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வரவுக் கணக்கைப் பார்க்கலாம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

இப்போதெல்லாம் அறிக்கைகள் குறைந்துவிட்டனவா?

மத்திய அரசைப் பற்றிய அறிக்கைகள் 2015-இல் 55, 2020-இல் 14 என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கிடைத்த விவரத்தை வைத்து நாளிதழ்ச் செய்தி வந்தது. அதற்கு முன், 2018-இல், ஓய்வுபெற்ற அதிகாரிகள் 60 பேர் சிஏஜிக்கே கடிதம் எழுதினார்கள்: பணமதிப்பிழப்பு, ரஃபேல் தணிக்கைகள் ஏன் தாமதமாகின்றன, தேர்தலுக்குப் பிறகு விடலாம் என்று காத்திருக்கிறீர்களா என்று. எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாதுதான், இரண்டு அறிக்கைகளை ஒன்றாகச் சேர்த்தாலும் எண் குறையும். ஆனால் 55 எங்கே, 14 எங்கே.

சிஏஜியின் வேலையை யார் சரிபார்க்கிறார்?

வேலையின் தரத்தை வெளிநாட்டுத் தணிக்கை அமைப்புகளை வைத்துப் பரிசோதித்துக்கொள்ளும் பழக்கம் உண்டு. 2012-இல் ஆஸ்திரேலியா தலைமையிலான குழு அப்படி ஒன்றைச் செய்தது. அவ்வளவுதான் சொல்வதற்கு.

அறிக்கையைப் படிக்க ஆசை. 200 பக்கம் இருக்கிறதே?

சிஏஜி இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். முதல் பக்கத்திலிருந்து படித்தால் தூங்கிவிடுவீர்கள். முன்னால் இருக்கும் சுருக்கத்தைப் பாருங்கள், பிறகு உங்கள் மாவட்டத்தின் பெயரைத் தேடுங்கள். தணிக்கைக் குழுவினர் நேரில் போய் எடுத்த புகைப்படங்கள் சில அறிக்கைகளில் இருக்கும். பூட்டிக் கிடக்கும் கட்டடம், உறை பிரிக்காத இயந்திரம், புதர் மண்டிய தொட்டி. அப்புறம் ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் கீழே அரசு என்ன பதில் சொன்னது, அதைத் தணிக்கை ஏன் ஏற்கவில்லை என்று இரண்டு மூன்று வரி இருக்கும். டிவியில் ஒருபோதும் வராத பகுதி அது. நான் முதலில் படிப்பது அதைத்தான்.